ஓடும் காரை அமுக்கும் காற்று

விமானம் நிலத்தை விட்டு எழுவதற்குக் காற்றின் துணையை நாடுகின்றது. மோட்டார்க் காரோ நிலத்தை விட்டு எழாதிருத்தற்கு அதே காற்றின் துணையை நாடவேண்டியதாயிற்று. காற்றும் ஒன்றே, விதியும் ஒன்றே. இறகைத் தலைகீழாகப் பொருத்தியதே வேறுபாடு. 1960ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டு வலிமிக்க கார்களின் பின்புறத்திலே முளைத்த பலகைகளும் இறகுகளும் இவ்வாறு தோன்றியனவே. அவற்றுட் சில ஓட்டுநரின் உயிரைக் காத்தன. சில வாங்குவோரின் கண்ணைக் கவர்ந்ததோடு அமைந்தன. எது எவ்வகைத்து என்பதை அறிதற்கு வேண்டுவன நாம் கல்லூரியிற் கற்ற பௌதிகத்தின் இரண்டொரு விதிகளேயாம். அவற்றைத் துணைக்கொண்டு இப்பொருளை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இவ்வண்டிகள் யாவை என்பதை முதலிற் சுருங்கக் கூறுதல் தகும். அளவான உடலுடைய குடும்பக் கார் ஒன்றை எடுத்து, மிகப் பெரிய காருக்குரிய எஞ்சினை அதனுள்ளே பொருத்தினால் வருவதே 'மசில் கார்'. தசைவலி படைத்த வண்டி என்பது அதன் பொருள். 1964ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த பொன்ரியாக் ஜீ.ரீ.ஓ. என்னும் வண்டியையே இவ்வினத்தின் முதல்வன் எனப் பலர் கொள்வர். அதன் எஞ்சினின் கொள்ளளவு 389 கன அங்குலம். அதன் பின்னர்ச் செவ்றொலே, போட், டொட்ஜ், பிளிமத் முதலிய பெயர்தாங்கிய வண்டிகள் ஒன்றையொன்று விஞ்ச எழுந்தன. எஞ்சின் ஆண்டுதோறும் வளர்ந்தது; உடலின் வடிவமோ பெரும்பாலும் காற்றைப்பற்றிய சிந்தனையின்றியே வரையப்பட்டது. கண்ணுக்கு எடுப்பாயிருந்தாற் போதும் என்பதே வரைந்தோர் எண்ணம். மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடும்போது இக்குறை தெரியாது. 180 மைல் வேகத்தில் அதனை மறைக்க இயலாது.

காரின் கீழ்ப்பக்கம் ஏறக்குறையத் தட்டையானது. மேற்பக்கமோ பொனற்றில் எழுந்து, முன்கண்ணாடியில் ஏறி, கூரையில் வளைந்து, டிக்கியை நோக்கி இறங்குவது. பக்கத்தே நின்று நோக்குவார்க்கு இவ்வடிவம் விமான இறகின் குறுக்குவெட்டை நினைவூட்டும். மெல்லிய கடதாசித் துண்டொன்றை உதட்டருகே பிடித்து, வளைந்து தொங்கும் அதன் மேற்புறமாக ஊதினால், தொங்கும் முனை மேலெழுவதை நம்மிற் பலர் சிறுவயதிற் கண்டு வியந்திருப்போம். வளைவைத் தழுவி ஓடும் காற்றின் அமுக்கம் அவ்விடத்துக் குறைகின்றது. கீழேயுள்ள அமுக்கம் கடதாசியை உயர்த்துகின்றது. காரின் கூரைமீதும் பின்சரிவின்மீதும் நிகழ்வது இதுவே. இதனைப் பேணூயியின் தேற்றத்தைக் கொண்டு விளக்குவாரும் உளர், நியூற்றனின் மூன்றாம் விதியைக் கொண்டு விளக்குவாரும் உளர். எவர் கூற்றுச் சரி என வாதாடுவதிற் பயனில்லை. இரண்டும் ஒரே நிகழ்ச்சியைக் கூறுவன. காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடும் பொருள் தான் மேல்நோக்கித் தள்ளப்படும்.

இத்தூக்குவிசை எத்துணைப் பெரிது? காற்றின் தாக்கம் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாக வளர்வது என்பது அடிப்படை. மணிக்கு 100 மைல் வேகத்திற் காற்று ஒவ்வொரு சதுர அடியிலும் 25 இறாத்தலுக்குச் சற்று மேற்பட்ட அமுக்கத்தைத் தோற்றுவிக்கவல்லது. 200 மைலில் அது 100 இறாத்தலைக் கடக்கும். முன்னின்று நோக்கும்போது 24 சதுர அடி பரப்புத் தோன்றும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். பின்சில்லுகளின்மேல் அதன் தூக்குவிசைக் குணகம் 0.2 என வைத்துக்கொள்வோம். கணக்கிட்டுப் பார்ப்பின், 100 மைலில் பின்புறம் ஏறத்தாழ 120 இறாத்தல் இலேசாகும். 200 மைலிலோ 490 இறாத்தல் இலேசாகும். வண்டியின் முழுநிறை 4,000 இறாத்தல் எனவும், அதிற் பின்சில்லுகள் தாங்குவது 1,800 எனவும் கொண்டால், அவற்றின் பிடிப்பில் நாலில் ஒரு பங்குக்கு மேல் காற்றோடு போய்விடுகின்றது. எஞ்சினின் வலுவை நிலத்துக்கு ஊட்டுவனவும் அச்சில்லுகளே. வண்டி வளைவிலே திரும்பும்போது பின்புறம் வழுக்கிச் சுழலாமற் காப்பனவும் அவையே. அங்கே பிடிப்புக் குன்றினால் விளைவு யாது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வபாயம் வெளிப்பட்ட வண்டி 1966ஆம் ஆண்டு மாதிரியான டொட்ஜ் சார்ஜர். கூரையிலிருந்து வால்வரை ஒரே சரிவாக இறங்கும் அதன் வடிவம் காற்றைக் கிழித்தோடுதற்கு மிக ஏற்றது என எண்ணி, நாஸ்கார் எனப்படும் பந்தயங்களில் அதனை இறக்கினர். புளொறிடா மாநிலத்து டேற்றோனாவில் 1959இல் திறக்கப்பட்ட இரண்டரை மைல் நீளமான ஓடுபாதை இப்பந்தயங்களுள் பெயர்பெற்றது. அதன் வளைவுகள் 31 பாகை சாய்ந்தவை. அத்தகைய பாதைகளிலே சார்ஜர் விரைவாய் ஓடியது உண்மை. ஆனால், பனிக்கட்டியின்மேல் ஓட்டுவது போலிருக்கின்றது என ஓட்டுநர் முறையிட்டனர். அழகிய அச்சரிவே காற்றைத் தழுவச் செய்து வாலைத் தூக்கிற்று. பரிகாரமாக டிக்கி மூடியின் ஓரத்திற் சிறியதொரு தகட்டை நிறுத்தினர். அவ்வாண்டு யூலை மாதத்தில் டேற்றோனாவில் நடைபெற்ற 'பயர்கிறாக்கர் 400' பந்தயத்திற் சாம் மக்குவாக் என்பார் அத்தகைய சார்ஜரை ஓட்டி வென்றார்.

அத்தகட்டின் பெயர் 'ஸ்பொயிலர்'. கெடுப்பது என்பது சொற்பொருள். கெடுக்கப்படுவது யாது எனின், காற்றின் இனிய ஓட்டமே. வளைவைத் தழுவி இறங்கிவரும் காற்றை அத்தகடு வழிமறிக்கின்றது. காற்று அதன் முன்னே வேகந்தளர்ந்து தேங்குகின்றது. தேங்கிய இடத்தில் அமுக்கம் உயர்கின்றது. உயர்ந்த அமுக்கம் டிக்கி மூடியைக் கீழே அமுக்குகின்றது. தகட்டைத் தாண்டும் காற்று மேல்நோக்கி எறியப்படுவதால் அதன் எதிர்விசையும் கீழ்நோக்கியே அமைகின்றது. ஆகவே, ஸ்பொயிலர் தானே பளுவைத் தாங்குவதிலும் பார்க்கத் தனக்கு முன்னேயுள்ள பரப்பைக் கொண்டே பெரும்பகுதி வேலையைச் செய்விக்கின்றது எனலாம். இரண்டு மூன்று அங்குல உயரமுள்ள தகடு அதன் அளவுக்கு மீறிய பயனை அளிப்பதன் காரணம் இதுவே. இறகு என்பது வேறு. அது உடலிலிருந்து விலகி உயர நின்று, மேலும் கீழும் காற்றோட, விமான இறகைக் கவிழ்த்தாற்போற் தொழிற்படுவது. பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாக்கிக் கூறுவர். அவ்வாறு கூறுதல் தவறு.

இங்கே ஒரு வினா எழலாம். பின்புறத்தை அமுக்குவதே நோக்கமாயின், டிக்கியினுள்ளே நாலு மணல்மூட்டையை வைத்தால் ஆகாதா? எளிய வினாவேயாயினும், இப்பொருளின் உயிர்நிலை இதன் விடையிலேயே உள்ளது. வளைவிலே திரும்பும் வண்டியை உள்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டிய விசை அதன் திணிவுக்கு நேர்விகிதமானது. டயருக்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள உராய்வு, சில்லின்மேல் அமுக்கும் விசைக்கு நேர்விகிதமானது. மணல்மூட்டையை ஏற்றினால் உராய்வு கூடுகின்றது. ஆனால் திணிவும் கூடுவதால், வேண்டப்படும் விசையும் அதே அளவிற் கூடுகின்றது. வரவும் செலவும் ஒத்துப்போய்க் கையிருப்பு ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு, அம்மணலை ஓட்டவும் நிறுத்தவும் எஞ்சினும் பிறேக்கும் வீணே உழைக்க வேண்டும். காற்றின் அமுக்கமோ திணிவில்லாத பளு. உராய்வைக் கூட்டும், திரும்புதற்கு வேண்டிய விசையைச் சிறிதும் கூட்டாது. வேகந் தணிந்தவுடன் தானே மறைந்தும் போகும். இத்தகையதொரு சுமையை வேறெங்கும் நாம் காணோம்.

இதனை நன்குணர்ந்து செயற்படுத்திய அமெரிக்கருள் ரெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஜிம் ஹோல் முதன்மையானவர். 1966இல் அவர் அமைத்த சப்பறல் 2ஈ என்னும் பந்தய வண்டியிற் பின்னிறகு உயர்ந்த கால்கள்மீது நின்றது. அக்கால்கள் வண்டியின் உடலைத் தொடாமல், நேரே பின்சில்லுகளின் தாங்கிகளில் ஊன்றியிருந்தன. காற்றின் அமுக்கம் வில்லுகளை நசுக்காது நேரே சில்லுக்குச் சென்றது. நேர்ப்பாதையில் இறகைச் சாய்வு நீக்கித் தட்டையாக்கிக் காற்றுத்தடையைக் குறைத்தற்கு ஓட்டுநர் காலடியில் ஒரு மிதியும் இருந்தது. எனினும் இது விற்பனைக்கு வந்த மசில் கார் அன்று. முற்றிலும் பந்தயத்துக்கென்றே பிறந்தது. இதன் வழிவந்த உயர்ந்த இறகுகள் ஐரோப்பியப் பந்தயங்களில் ஒடிந்து விபத்துகளை விளைத்தமையால் 1969இல் அவை அங்கே தடைசெய்யப்பட்டன.

நம் கதைக்குரிய பெருநிகழ்ச்சி அதே 1969இல் நிகழ்ந்தது. 1968இல் வடிவம் மாற்றி வெளியிடப்பட்ட சார்ஜர் பார்வைக்கு மிக அழகியது. ஆனால் அதன் முன்முகம் குழிந்து காற்றை வாளிபோல் ஏந்தியது. பின்கண்ணாடியும் இரு தூண்களுக்கிடையே உட்குழிந்திருந்தது. கூரையைக் கடந்த காற்று அக்குழியிற் பிரிந்து சுழன்று, பின்புறத்தை உயர்த்தியது. முகத்தையும் கண்ணாடியையும் சமமாக்கி 'சார்ஜர் 500' என ஒன்றை ஆக்கினர். அதற்கிடையிற் போட் கம்பனியார் முகத்தைச் சரித்து நீட்டிய 'ரொறினோ தல்லடேகா' என்னும் வண்டியைக் கொணர்ந்தனர். எஞ்சினை வளர்த்து வெல்லலாம் என்னும் காலம் அத்துடன் முடிந்தது எனலாம். காற்றுத்தடை வர்க்கத்தில் வளர்வதால், அதனை எதிர்த்து ஓடுதற்கு வேண்டிய வலு வேகத்தின் கனத்துக்கு ஏற்ப வளரும். 180 மைலில் 100 குதிரைவலு போதுமாயின் 200 மைலுக்கு 137 வேண்டும். அவ்வளவு வலுவை எஞ்சினிலிருந்து பிழிந்தெடுப்பதிலும் உடலைத் திருத்துவது எளிது.

கிறைஸ்லர் கம்பனியின் பொறியியலாளர் துணிந்து செய்த திருத்தமே 'டொட்ஜ் சார்ஜர் டேற்றோனா'. சிறுமாதிரிகளைக் கன்சாஸ் மாநிலத்து விச்சிற்றாப் பல்கலைக்கழகக் காற்றுச் சுரங்கத்திலும், முழுவண்டியை ஜோர்ஜியாவிலுள்ள லொக்ஹீட் விமானக் கம்பனியின் சுரங்கத்திலும் வைத்துப் பரிசோதித்தனர். முன்னே 18 அங்குல நீளமான கூர்மூக்கு. பின்னே 23 அங்குல உயரமான இரு தூண்களும், அவற்றின் உச்சியிற் குறுக்கே கவிழ்த்த இறகும். கண்டவர் நகைத்திருப்பர் என்பதில் ஐயமில்லை. இறகு ஏன் அத்துணை உயரம் என்பதற்கு இரு காரணங் கூறுவர். கூரையின் பின்னே கலங்கிச் சுழலும் காற்றுக்கு மேலே, கலங்காத காற்றில் நிற்க வேண்டும் என்பது ஒன்று. இறகின் கீழே டிக்கி மூடி முற்றாகத் திறக்க வேண்டும் என்பது மற்றது. பந்தய வண்டிக்கு டிக்கி எதற்கு என வினவலாம். ஆனால் அதே வண்டியைப் பொதுமக்களுக்கும் விற்க வேண்டியிருந்தது என்பதை மறத்தலாகாது. தூண்களும் வெறுந் தாங்கிகள் அல்ல. அம்பின் வாலிற் கட்டிய இறகுபோல அவை வண்டியின் பின்புறத்தை நேராக நிறுத்தின. பக்கக் காற்றிலும் முன்செல்லும் வண்டியின் கலக்கத்திலும் வால் அலையாமற் காத்தன.

இறகின் பயனையும் கணக்கிட்டுப் பார்ப்போம். பரப்பு 3 சதுர அடி எனவும், அதன் குணகம் 1 எனவும் கொள்வோம். 200 மைல் வேகத்தில் அது கீழ்நோக்கி அமுக்கும் விசை ஏறத்தாழ 300 இறாத்தல். ஆனால் இறகு நிற்பது பின்னச்சின்மேல் அன்று, அதற்கும் பின்னால். சார்ஜரின் இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 117 அங்குலம். இறகு பின்னச்சுக்கு 39 அங்குலம் பின்னே நிற்பதாகக் கொண்டால், நெம்புகோல் விதிப்படி பின்சில்லுகளின்மேல் விழுவது 300 அன்று, 400 இறாத்தல். மேலதிகமான 100 எங்கிருந்து வந்தது? முன்சில்லுகளிலிருந்து களவாடப்பட்டது. வாலை அமுக்க அமுக்க மூக்கு எழும். மூக்கெழுந்தால் சுக்கானுக்கு வண்டி பணியாது. கூர்மூக்கும் அதன் அடியில் தொங்கும் தகடும் ஏன் வேண்டப்பட்டன என்பது இப்போது விளங்கும். முன்னும் பின்னும் ஒத்த நிறைகாணாது பின்னிறகை மட்டும் பொருத்துவோன் ஒரு கேட்டை நீக்கி இன்னொன்றை அழைக்கின்றான். இக்காலத்தும் பலர் இவ்விடத்திலேயே தவறுகின்றனர்.

1969 செப்ரெம்பர் 14ஆம் நாள், அலபாமா மாநிலத்திற் புதிதாகத் திறந்த தல்லடேகா ஓடுபாதையில் இவ்வண்டி முதன்முறை பந்தயத்தில் இறங்கியது. 2.66 மைல் சுற்று. வளைவுகள் 33 பாகை சாய்வு. பயிற்சியின்போதே வேகம் 200 மைலை அணுகிற்று. காற்று வண்டியை அமுக்க, வண்டி டயரை அமுக்க, டயர்கள் பிய்ந்து சிதறத் தொடங்கின. றிச்சட் பெற்றி தலைமையில் முன்னணி ஓட்டுநர் பலர் ஓட மறுத்து வெளியேறினர். எஞ்சியோருள் றிச்சட் பிறிக்கவுஸ் என்பார் டேற்றோனாவை ஓட்டி வென்றார். இந்நிகழ்ச்சியைக் கோழைமை என்றோ பிடிவாதம் என்றோ கூறுதல் நியாயமன்று. பிடிப்பைக் கூட்டும் காற்று அச்சுமையை முழுவதும் ஒரு சாண் அகல இறப்பரின்மேலேயே இறக்குகின்றது. இறகைப் படைத்தோர் தம் வேலையை முடித்திருந்தனர். டயரைப் படைத்தோர் முடித்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு மார்ச் 24இல் அதே தல்லடேகாவில் படி பேக்கர் ஒரு டேற்றோனாவில் 200.447 மைல் வேகத்தைத் தொட்டார்.

பந்தயத்தில் ஓடுவது கடையிலும் விற்கப்பட வேண்டும் என்பது விதி. இவ்விதியே இறகைத் தெருவுக்குக் கொணர்ந்தது. டேற்றோனாவில் 500க்குச் சற்று மேல் ஆக்கினர். 1970இல் விதி கடுமையாகியது. பெற்றியைப் போட்டிடமிருந்து மீட்டற்பொருட்டு வெளியிட்ட 'பிளிமத் சுப்பர்பேட்' 1,900க்கு மேல் ஆக்கப்பட்டது. பின்கண்ணாடியை மாற்றியதால் ஏற்பட்ட ஒட்டுத் தழும்பை மறைக்கக் கூரைக்கு வினைல் உறை போர்த்தினர். பீற் ஹமில்ற்றன் அவ்வாண்டின் டேற்றோனா 500 பந்தயத்தை அதில் வென்றார். விற்பனையிலோ அது வெல்லவில்லை. பல, வணிகர் முற்றத்திலே வாங்குவாரின்றிக் கிடந்தன. சிலவற்றின் மூக்கையும் இறகையும் கழற்றிச் சாதாரண வண்டியாக்கி விற்றனர் என்பர். அவ்வினத்துட் சில இக்காலத்து ஏலங்களிற் பத்து இலட்சம் டாலருக்கு மேல் விலைபோயின.

வளைவுகள் நிறைந்த 'ரான்ஸ்-ஆம்' பந்தயங்களிலும் இதே கதை நடந்தது. போட் மஸ்ராங் பொஸ் 302க்கு முன்தகடும் பின்னிறகும் வரைந்தவர் லறி ஷினோடா. செவ்றொலே கமாறோவை ஓட்டி 1968, 1969 ஆகிய இரு ஆண்டுகளிலும் முன்னணியில் நின்ற மார்க் டொனகியூ பொறியியற் பட்டம் பெற்ற ஓட்டுநர், 1970இல் ஏ.எம்.சி. ஜவலின் வண்டிக்கு மாறியபோது வாத்தின் வால்போல் மேல்நோக்கி வளைந்த பின்தகடொன்றைத் தாமே வகுத்தார். அதனைப் பந்தயத்திற் பயன்படுத்தற்கு 2,500 வண்டிகளில் விற்க வேண்டியிருந்ததால், அவருடைய கையொப்பத்தைத் தகட்டிற் பொறித்து 2,501 வண்டிகளை ஆக்கினர். பட்டம் பெற்றவர் கை வைத்த தகடு கையொப்பத்தோடு விற்பனையானது நமக்கு ஒரு மகிழ்ச்சியே.

ஆயின், அவற்றை வாங்கித் தெருவில் ஓட்டியவர் பெற்ற பயன் யாது? நாம் முன்னர்க் கண்ட 3 சதுர அடி இறகையே எடுத்துக்கொள்வோம். 200 மைலில் 300 இறாத்தல் தந்த அது, 100 மைலில் தருவது 77. 50 மைலில் 19. நகரத் தெருவில் 25 மைல் வேகத்திற் செல்லும்போது 5 இறாத்தல். ஐந்து இறாத்தல் என்பது பின்னாசனத்தில் வைத்த ஒரு பை அரிசிக்கு மேற்படாது. இறகின் சொந்த நிறையே அதனிலும் மிகுதியாயிருத்தல் கூடும். 1969இல் வந்த ஜீ.ரீ.ஓ. 'ஜட்ஜ்' போன்ற வண்டிகளின் பின்னிறகு பெரும்பாலும் இவ்வகைத்தே. அது ஒரு கொடி, கருவியன்று. கொடி பிடித்தல் குற்றமன்று. கருவி என்று நம்பி மழைநாளில் வளைவை விரைந்து திருப்புதலே குற்றம்.

1971இல் நாஸ்கார் அதிகாரிகள் இறகுடைய வண்டிகளின் எஞ்சின் 305 கன அங்குலத்துக்கு மேற்படலாகாது என விதித்தனர். அவ்வாண்டு டேற்றோனாவில் ஒருவர் மட்டும் சிற்றெஞ்சினோடு ஓடி ஏழாவதாக வந்தார். செப்ரெம்பரில் பொபி ஐசாக் தமது டேற்றோனாவை யூற்றா மாநிலத்துப் பொன்வில் உப்புவெளிக்குக் கொண்டுசென்று, ஒரு மைல் தூரத்தை 216.945 மைல் வேகத்தில் ஓடினார். உப்பின்மேல் டயருக்குப் பிடிப்பு அரிது என்பதை நினைத்துப் பார்க்க.

தம் காரின் பின்தகடு கொடியா கருவியா என அறிய விரும்பும் அன்பர்க்குக் காற்றுச் சுரங்கம் வேண்டியதில்லை. கம்பளி நூலை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கிப் பின்கண்ணாடியிலும் டிக்கி மூடியிலும் வரிசை வரிசையாக ஒட்டி, நெரிசலற்ற நேர்வீதியில் ஒருவர் சீரான வேகத்தில் ஓட்ட, வேறொருவர் ஓட்டும் வண்டியில் அமர்ந்து பக்கத்திலிருந்து நோக்குக. நூல்கள் பின்னோக்கி ஒழுங்காய்ப் படிந்து கிடக்குமிடத்திற் காற்று உடலைத் தழுவுகின்றது. முன்னும் பின்னும் துடித்துச் சுழலுமிடத்திற் காற்று முன்னமே பிரிந்துவிட்டது. தகடு நிற்கும் இடம் துடிக்கும் நூல்களின் நடுவே அமைந்திருப்பின், அதன் உயரம் போதாது. தழுவிவரும் நூல்களின் முடிவில் அமைந்திருப்பின், அது தன் தொழிலைச் செய்கின்றது.